ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: ஏர் எடுத்த பிறகும் சக்கரம் ஓரிடத்தில் நிற்கவில்லை

உவரி படகு:

அனைவருக்கும் வணக்கம். உவரியில் 24 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். 115 குதிரைத்திறன் உள்ள அவுட்போர்டு எஞ்சின் ஒன்று பின்னால் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் வள்ளம் அல்ல. நடுவில் ஓட்டுநர் மேடையும் அதில், ஆயில் அழுத்தத்தால் எஞ்சினைத் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் உள்ள படகு. கடலாய்வு வேலைக்கு வருகிறவர்களையும் முக்குளிப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் வரை போய்வரும்.

சில மாதங்களுக்கு முன்பு, பின்பக்கம் போகும் ஹோஸ் ஒன்றின் ஃபிட்டிங் உப்பில் அரித்துப்போனதால், ஹோஸையும் ஃபிட்டிங்கையும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினோம். அதன் பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. விரைவைக் கூட்டியதும் படகு வலப்பக்கம் இழுக்கிறது. நான் சக்கரத்தை இடப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் திசை நிற்கிறது. பிடியைத் தளர்த்தினால் சக்கரம் தானாகவே மெல்ல வலப்பக்கம் உருள்கிறது. கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் பழையபடி ஐந்து சுற்றுதான் வருகிறது, ஆனால் கடலில் ஓடும்போது அந்தக் கணக்கு நிற்பதில்லை. இது போதாதென்று, காலையில் முதல் தடவை திருப்பும்போது சக்கரம் மிகவும் இறுக்கமாக இருக்கிறது.

ஓட்டுநர் மேடைக்கு உள்ளேயும் சிலிண்டர் பக்கத்திலும் ஆயில் லீக் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதே ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுத்து, அதாவது ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஓட்டத்தில் ஸ்டீயரிங் நன்றாக இருந்தது; பிறகு மறுபடியும் அதே கதை. வேறொரு இடத்தில் கேட்டபோது பம்ப், ஹோஸ், சிலிண்டர் மூன்றையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். அது சிறிய செலவு அல்ல. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலப்படுவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். எங்கள் கரையில் துறைமுகம் இல்லை, அலையைத் தாண்டித்தான் கரையேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் ஏமாற்றினால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூத்துக்குடி மெரைன் மெக்கானிக்:

அண்ணாச்சி, எதையும் வாங்குவதற்கு முன்பு, திருப்பும் விசை எந்த இடத்தில் தொலைகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் அது தொலையக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ம் பம்ப், அதற்குள் ஆயில் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வுகள், இரண்டு ஹோஸ்கள், எஞ்சினில் பூட்டியிருக்கும் சிலிண்டர், அந்தச் சிலிண்டர் பிடித்துத் திருப்பும் எஞ்சின் கழுத்து, இவ்வளவுதான். ஆயில் வெளியே போகாமல் ஸ்டீயரிங் தளர்கிறது என்றால், ஒன்று உள்ளே காற்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் காற்றைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஹெல்ம் பம்பின் மூடியைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மூடித் துளையின் அடிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலத்துக்குள் அது இருக்க வேண்டும். ஒருவர் டார்ச் அடித்து அந்தத் துளைக்குள் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பி, அதற்கு மேலும் சற்று அழுத்திப் பிடிக்கட்டும். அப்போது ஆயில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி கீழே இறங்கினால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். ஆயில் அழுத்தத்துக்கு நசுங்காது, காற்று நசுங்கும். நசுங்கிய இடத்தை நிரப்பத்தான் மேலே இருக்கும் ஆயில் கீழே போகிறது. மட்டம் அசையாமல் நின்றால் காற்றை மறந்துவிடலாம். இரண்டு கோடியிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. எஞ்சினைச் செங்குத்தாக இறக்கி வைத்து, ஓட்டுநர் மேடையில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் சக்கரத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் பின்னால் நின்று, எஞ்சினின் அடிப்பாகத்தைப் புரொப்பெல்லர் பக்கமாகப் பிடித்து வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை, விட்டுவிடாமல் சீராகத் தள்ளுங்கள். எஞ்சின் கொஞ்சம் போய், கையை எடுத்ததும் ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் அது காற்று. சக்கரம் அசையாமல் இருக்கும்போதே எஞ்சின் மெல்ல மெல்ல நழுவிப் போய், போன இடத்திலேயே நின்றுவிட்டால், சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் மீது சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் போகும்போது சக்கரமும் கூடவே சுற்றினால் பம்பில் இருக்கும் செக் வால்வு சரியாக உட்காரவில்லை. சக்கரத்திலிருந்து எஞ்சினுக்கு விசை போக வேண்டும், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை திரும்பி வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வால்வையே வைத்திருக்கிறார்கள்.

பிஸ்டன் சீல் என்று தோன்றினால் உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. சிலிண்டரில் பூட்டியிருக்கும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, அவற்றின் வாயைச் சரியான அளவுள்ள பித்தளை பிளக்கால் அடைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் கல்லாக நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, குறை சிலிண்டரில்தான். அப்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டே போனால் பம்பைக் கவனிக்க வேண்டும். இந்த வகை ஸ்டீயரிங்கில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு வரை ஏறக்கூடும் என்பதால், துணியைத் திணித்தோ கட்டையைச் செருகியோ ஹோஸை அடைக்கக் கூடாது.

உங்கள் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிண்டர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகக் கொள்ளும் ஆயிலை, பம்ப் ஒரு சுற்றில் தள்ளும் ஆயிலால் வகுத்தால் சுற்றுக் கணக்கு வந்துவிடும். பம்ப் சுற்றுக்கு 28 மில்லி தள்ளி, சிலிண்டர் 138 மில்லி கொண்டால் ஏறக்குறைய ஐந்து சுற்று. கரையில் உங்களுக்கு அதே ஐந்து வருவதால், பம்ப் தேய்ந்து போயிருக்கவோ உள்ளே நிறையக் காற்று இருக்கவோ வாய்ப்பு குறைவு. சுமை ஏறும்போது மட்டும் கணக்கு தவறுகிறது. அதனால்தான் எனக்குச் செக் வால்வு மீது சந்தேகம் அதிகம்.

ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் நேர் திசைக்கு என்று சக்கரத்தில் நிலையான ஓர் இடம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பம்பில் நுண்ணிய அளவு கசிவு எப்போதும் உண்டு என்பதால், நாள்பட நாள்படச் சக்கரத்தின் மேல்புறம் சற்று மாறி நிற்பது இயல்பு. அது குறை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் தானாக உருள்வதுதான் குறை.

வள்ளியூர் ஹைட்ராலிக்ஸ்:

நான் மண்ணள்ளும் இயந்திரங்களுக்கும் டிராக்டர்களுக்கும் ஹைட்ராலிக் வேலை செய்கிறேன். படகு வேலை எப்போதாவதுதான் வரும். மேலே மெக்கானிக் அண்ணன் சொன்ன சோதனைகளில் எனக்குச் சேர்க்க எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகள் உண்டு.

ஹோஸ் மாற்றியபோது என்ன ஆயில் ஊற்றினார்கள்? நம் பக்கத்தில் ஹைட்ராலிக் ஆயில் என்று கேட்டால், எங்களைப் போன்ற கடைகளில் பெரும்பாலும் 68 கிரேடு ஆயில்தான் கிடைக்கும். அது எங்கள் இயந்திரங்களுக்குப் பொருத்தமானது. படகு ஸ்டீயரிங்குக்கு உரியது ஐ.எஸ்.ஓ. 15 கிரேடு. இந்த எண்கள் 40 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை என்பதால், 68 கிரேடு அதைப் போல நாலரை மடங்கு கெட்டி. விடியற்காலைக் குளிரில் அது இன்னும் கெட்டியாகும், சக்கரம் இறுகும், ஏர் எடுக்கும்போது குமிழிகள் மேலே வரவும் நேரமாகும். பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றிவிடாதீர்கள். கனிம ஆயிலுக்கென்று செய்த சீல்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். அப்புறம் நிஜமாகவே மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது, புது ஃபிட்டிங்கின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினார்களா? தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. ஹைட்ராலிக் மரையில் சுற்றி முறுக்கினால், மரை முனையில் டேப் அறுந்து நூல் நூலாக உள்ளே போய்விடும். அப்படி அறுந்த துணுக்கு, ஆயில் ஓடும் வழியில் எங்காவது ஒரு வால்வின் பந்துக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கும். ஏர் எடுக்கும்போது ஆயில் வேகமாக ஓடுவதால் துணுக்கு சற்று விலகி, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். கடலில் அலைச்சல் பட்டதும் மறுபடியும் வந்து சிக்கும். ஒரு ஓட்டம் நன்றாக இருந்து பிறகு கெட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மரை அடைப்புக்குத் திரவமாகக் கிடைக்கும் சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவினாலே போதும்.

மணலும் அதே வேலையைச் செய்யும். கச்சான் அடிக்கும் கடற்கரையில் மூடியைத் திறந்து வைத்து ஆயில் ஊற்றினால் மணல் விழாமல் இருக்காது. படகைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, புது கேனிலிருந்து நேரடியாக ஊற்றுங்கள்.

கூடுதாழை:

தம்பி, காலை இறுக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது உங்கள் மற்ற தொல்லையோடு சேர்ந்ததாக இல்லாமல் தனியாகவும் இருக்கலாம்.

சிலிண்டரை எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நல்ல எஞ்சின் ஒரு கைக்கு இணங்கித் திரும்பும். திரும்ப மறுத்தால் ஆயிலுக்கும் பம்புக்கும் அதில் பங்கு இல்லை. எஞ்சின் கழுத்தில் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து காய்ந்து பிடித்திருக்கிறது. கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து அடியுங்கள். பழைய கிரீஸ் பழுப்பாகவும் மணல் கலந்தும் வெளியே வரும்; நல்ல நிறத்தில் புது கிரீஸ் பிதுங்கும் வரை நிறுத்தக் கூடாது. சிலிண்டரின் தடி ஊடுருவிப் போகும் குழாயையும் துடைத்து மெரைன் கிரீஸ் பூசுங்கள். கரையேற்றியதும் எஞ்சினைத் தூக்கிவைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இரவெல்லாம் உப்புக்காற்றும் மணலும் படுவது அந்தத் தடியில்தான். நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு துணியால் தடியைத் துடைத்துவிட்டுப் போவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்தத் தடி புள்ளி புள்ளியாக அரித்துவிட்டால் அது ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும். புது சீல் போட்டாலும் நிற்காது.

அந்த போல்ட்டையும் அதன் நட்டையும் திரும்பப் பூட்டும்போது புது லாக் நட் போடுங்கள். பழையதையே போடுவதில் மிச்சமாகும் காசு ஒரு தேங்காய் விலைகூட ஆகாது. அது கழன்றால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் கட்டற்றுத் திரும்பி, ஆட்களைக் கடலில் வீசிவிடும். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் எப்போதும் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கடலில் ஸ்டீயரிங் முழுவதும் போய், எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிலிண்டரின் இரண்டு பக்கமும் ஏர் எடுப்பதற்காக இருக்கும் நிப்பிளையும் தளர்த்துங்கள். ஆயில் வெளியேறும், ஆனால் சிலிண்டர் விட்டுக்கொடுக்கும். பிறகு எஞ்சினின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மிகக் குறைந்த விரைவில் திருப்பி ஓட்டலாம். அந்த நிலையில் உவரிக் கரையின் அலைக்குள் வரக் கூடாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, வேறு படகைக் கூப்பிடுங்கள். நிப்பிளுக்கு ஏற்ற ஸ்பேனர் படகிலேயே இருக்க வேண்டும்.

உவரி படகு:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். சக்கரத்தை அழுத்திப் பிடித்தபோது ஆயில் மட்டம் இரண்டு கோடியிலும் அசையவில்லை. எஞ்சினை இடப்பக்கம் தள்ளினால் சுவரைத் தள்ளுவது போல நிற்கிறது. வலப்பக்கம் தள்ளினால் மெல்லப் போகிறது. சக்கரமும் கூடவே வலப்பக்கம் சுற்றுகிறது. போல்ட்டைக் கழற்றியபோது எஞ்சின் கழுத்து பெரியவர் சொன்னது போலவே பிடித்துக்கொண்டிருந்தது. கிரீஸ் அடித்த பிறகு ஒரு கைக்குத் திரும்புகிறது. ஆயிலைப் பொறுத்தவரை, ஊற்றியது 15 கிரேடுதான் என்று கேனைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். டேப் பற்றிக் கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்பில் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி மெரைன் மெக்கானிக்:

அப்படியானால் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை, அண்ணாச்சி. இரண்டு செக் வால்வுகளில் ஒன்று மட்டும் உட்காரவில்லை. பம்பைக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். கடற்கரையில் செய்யும் வேலை அல்ல இது. பம்பின் பின்பக்கம் வால்வு இருக்கும் அறையைத் திறந்தால் ஸ்பிரிங்கும் பந்தும் வரும். எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு, பந்து உட்காரும் இடத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இருந்தால் வால்வை மாற்ற வேண்டும். அழுக்கு மட்டும் என்றால் அதே வகை ஆயிலால் கழுவித் துடைத்து, புது ஓ-ரிங் போட்டுப் பூட்டினால் போதும். நூல் உதிரும் வேஸ்ட் துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அதோடு, மாற்றிய ஃபிட்டிங்கையும் கழற்றிப் பாருங்கள். டேப் இருந்தால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, ஹோஸ்களுக்குள்ளும் புது ஆயிலை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். இல்லையென்றால் உள்ளே மிச்சமிருப்பது மறுபடியும் வால்வுக்கே வரும்.

பூட்டிய பிறகு ஏர் எடுக்கும் முறை இது. ஆயில் பாட்டிலைப் பம்ப் துளையில் டியூப் வைத்துத் தலைகீழாக இணைத்து, இப்போது மேலே வந்திருக்கும் பாட்டிலின் அடிப்பாகத்தில் சிறிய துளை போடுங்கள். வேலை முடியும் வரை பாட்டிலில் ஆயில் தீரக் கூடாது. சக்கரத்தை வலப்பக்கம் கடைசி வரை திருப்பி, வலப்பக்க நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூப் மாட்டி, நிப்பிளைத் தளர்த்துங்கள். எஞ்சின் நகர்ந்துவிடாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, சக்கரத்தை இடப்பக்கமாகச் சீராகத் திருப்பிக்கொண்டே இருங்கள். டியூபில் குமிழி இல்லாத ஆயில் வரத் தொடங்கியதும், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை இறுக்க வேண்டும். சக்கரத்தை நிறுத்திவிட்டு இறுக்கினால் கடைசி நேரத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அதையே எதிர்ப்பக்கத்துக்குச் செய்யுங்கள். முடிவில் முதல் சோதனையை மறுபடியும் செய்து, மட்டம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே மூடியைப் பூட்ட வேண்டும்.

வலப்பக்க இழுப்பு இதனால் முழுவதும் போய்விடாது. புரொப்பெல்லர் சுழலும் விசையால் இயல்பாகவே கொஞ்சம் இழுப்பு இருக்கும். நல்ல வால்வு அதை உங்கள் கைக்கு வரவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். எஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே டிரிம் டேப் என்னும் சிறிய துடுப்பு போன்ற தகடு இருக்கிறதா என்று பாருங்கள். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கமாகச் சிறிது திருப்பி வைக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்து, பிறகு மாற்றுங்கள்.

உவரி படகு:

வேலை முடிந்தது. வள்ளியூர் அண்ணன் நினைத்தது சரிதான். வலப்பக்க வால்வின் பந்துக்கு அடியில், நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைத் துணுக்கு ஒன்று, நசுங்கித் தாள் போலத் தட்டையாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபிட்டிங்கின் மரை முழுவதும் டேப் சுற்றியிருந்தார்கள். முனையில் அது பிசிறு பிசிறாக அறுந்து நின்றது. பந்து உட்காரும் இடத்தில் கீறல் இல்லை. கழுவி, ஓ-ரிங் மாற்றி, ஹோஸ்களைக் கழுவி, சொன்னபடியே ஏர் எடுத்தோம். இப்போது எஞ்சினை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் அசைவதில்லை. கடலில் முழு விரைவில் ஓட்டியும் பார்த்தாயிற்று. செலவு ஓ-ரிங், லாக் நட், சீலன்ட், ஆயில் ஆகியவற்றோடு நின்றுவிட்டது.

கழுவும்போதும் ஏர் எடுக்கும்போதும் வெளியே வந்த ஆயில் நிறைய இருக்கிறது. பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. வடிகட்டி வைத்துக்கொண்டு மட்டம் குறையும்போது ஊற்றலாமா?

வள்ளியூர் ஹைட்ராலிக்ஸ்:

வேண்டாம் அண்ணாச்சி. துணியிலோ சல்லடையிலோ வடிகட்டினால் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் நிற்கும். வால்வைக் கெடுப்பவை அதைவிட நுண்ணியவை. கழுவிய ஆயிலில் டேப் பிசிறும் கலந்திருக்கும். அதை மணலிலும் ஊற்றிவிடாதீர்கள், ஒரு கேனில் மூடி வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மட்டம் பார்த்து ஊற்றுவதற்கு 15 கிரேடில் உடைக்காத பாட்டில் ஒன்றைத் தனியாகப் படகில் வையுங்கள்.